பழைய பிக்கப்புக்குப் புது சைலன்சர்: வாங்கும் முன் வண்டிக்கு அடியில் ஒரு மணி நேரம்

முதன்முதலாக ஒரு பழைய பிக்கப்புக்கு சைலன்சர் வாங்கப் போனபோது நான் பார்த்தது மூன்றே விஷயம்: பளபளப்பு, பெட்டியில் இருந்த படம், கையில் தூக்கினால் தெரிகிற கனம். வீட்டுக்கு வந்து வண்டிக்கு அடியில் படுத்து, அதை நெஞ்சின் மேல் வைத்துப் பொருத்திப் பார்த்தேன். முன்னாலிருந்து வரும் குழாய் இடது ஓரத்தில் நிற்கிறது. என் கையில் இருந்ததற்கோ வாய் வலது ஓரத்தில். சரி, கவிழ்த்துப் போட்டால் ஆயிற்று என்று புரட்டினேன். முன்வாய் இடப்பக்கம் வந்துவிட்டது. ஆனால் பின்வாய் வலப்பக்கம் போய், பின் சக்கரங்களுக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் ப்ரொப்பெல்லர் ஷாஃப்டுக்கு விரற்கடை தூரத்தில் நின்றது. போதாததற்கு, தரையைப் பார்க்க வேண்டிய நீர் வடியும் துளை இப்போது என் முகத்துக்கு எதிர்ப்புறம், மேலே போயிருந்தது.

தப்பு முழுக்க என்னுடையது. சைலன்சர் வாங்கும் வேலை கடையில் தொடங்குகிறது என்று நினைத்திருந்தேன். அது வண்டிக்கு அடியில், கையில் டேப்பும் நூலுமாகத் தொடங்குகிற வேலை. அங்கே ஒரு மணி நேரம் செலவழித்தால் கடையில் பத்து நிமிடம் போதும்.

பெயரிலேயே ஒரு குழப்பம் உண்டு, அதை முதலில் தீர்த்துவிடலாம். பெட்டியில் மஃப்ளர் என்று அச்சிட்டிருப்பதைத்தான் நாம் சைலன்சர் என்கிறோம். ஆனால் பின்னால் நீட்டிக்கொண்டிருக்கும் குழாயையும் சிலர் சைலன்சர் என்பார்கள். அது டெயில் பைப். கேட்கும்போது தெளிவாகக் கேட்கவில்லை என்றால் வேறு பொருள் கைக்கு வந்து சேரும்.

சத்தம் எங்கிருந்து வருகிறது?

வண்டி கத்தினாலே சைலன்சர் போய்விட்டது என்று முடிவுகட்டிவிடுகிறோம். புகை வெளியேறும் வழியை ஒருமுறை மனதில் ஓட்டிப் பாருங்கள். எஞ்சினை ஒட்டி, எல்லாச் சிலிண்டர்களின் புகையையும் ஒன்றுசேர்க்கும் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு, அதிலிருந்து கீழிறங்கும் குழாய், பிறகு புகையின் நச்சைக் குறைக்கும் கேட்டலிடிக் கன்வெர்ட்டர், நடுக்குழாய், சில வண்டிகளில் ரெசனேட்டர் என்ற சின்னக் குடுவை, அப்புறம் சைலன்சர், கடைசியாகப் பின் ஆக்சிலைத் தாண்டி வெளியே வரும் டெயில் பைப். வண்டி ரொம்பப் பழையது என்றால் கன்வெர்ட்டர் இருக்காது. அமெரிக்காவிலேயே 1975 மாடல்களிலிருந்துதான் அது பரவலாக வந்தது. பல நாடுகளில் அதற்கும் பிறகு. இந்த வரிசையில் எந்த இடத்தில் ஓட்டை விழுந்தாலும் வண்டி கத்தத்தான் செய்யும்.

ஆகவே முதல் சோதனை காலையில், எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது. ஸ்டார்ட் செய்து, பானெட்டைத் திறந்து காது கொடுங்கள். தையல் மெஷின் ஓடுவதுபோல் டிக் டிக் என்று கேட்டு, எஞ்சின் சூடேறியதும் அது அடங்கிப்போனால், பெரும்பாலும் எஞ்சினுக்கும் மேனிஃபோல்டுக்கும் நடுவில் கசிவைத் தடுக்கும் கேஸ்கெட் போயிருக்கும், அல்லது மேனிஃபோல்டில் விரிசல். சூட்டில் இரும்பு விரிந்து இடைவெளியை அடைத்துக்கொள்வதால்தான் சத்தம் குறைகிறது. இதை வைத்துக்கொண்டு எவ்வளவு நல்ல சைலன்சர் போட்டாலும் பயன் இல்லை.

இரண்டாவது, துணிச் சோதனை. திறந்த வெளியில் வண்டியை நியூட்ரலில் போட்டு, ஹேண்ட் பிரேக்கை இழுத்து, ஐடிலில் ஓடவிடுங்கள். தடித்த கையுறை போட்டுக்கொண்டு, நனைத்த கனமான துணியால் டெயில் பைப்பின் வாயைச் சில நொடிகள் பொத்துங்கள். முகத்தைப் பக்கவாட்டில் வைத்துக்கொள்ள வேண்டும். வழி நெடுக ஓட்டை இல்லாவிட்டால் அழுத்தம் கூடித் துணியைத் தள்ளும். ஓட்டை இருந்தால் 'புஸ்' என்ற சத்தம் அந்த இடத்தைக் காட்டிக்கொடுக்கும். ஒருவர் பொத்த, இன்னொருவர் வண்டியின் பக்கவாட்டில் நின்று காது கொடுப்பது நல்லது. எஞ்சின் ஓடும்போது யாரும் அடியில் நுழையக் கூடாது.

எஞ்சினை அணைத்துக் குழாய் முழுக்க ஆறிய பிறகு அடியில் பாருங்கள். இணைப்புகளைச் சுற்றிக் கரி படிந்த கோடுகள் தெரிந்தால் அங்கே கசிவு. சைலன்சரை முஷ்டியால் தட்டுங்கள்; உள்ளே கலகலவென்று எதுவோ உருண்டால் தடுப்புத் தகடு கழன்றுவிட்டது என்று அர்த்தம். ஸ்க்ரூ டிரைவர் முனையால் அடிப்பக்கத்தை அழுத்திப் பாருங்கள். நல்ல தகடு 'டிங்' என்னும். செத்த தகடு அப்பளம் மாதிரி உள்ளே போகும். கையோடு கையாகச் சைலன்சருக்கு முன்னும் பின்னும் உள்ள குழாயையும் இதேபோல் குத்திப் பாருங்கள். முன்குழாயே பொடிந்துகொண்டிருந்தால் புது சைலன்சரை எதில் பிடித்துக் கட்டுவது?

வண்டி கத்தவில்லை, ஆனால் மேட்டில் மூச்சு வாங்குகிறது, ஆக்சிலரேட்டரை எவ்வளவு மிதித்தாலும் ஏறமாட்டேன் என்கிறது என்றால் அது அடைப்பாக இருக்கலாம். இங்கே சைலன்சரை விட கன்வெர்ட்டரைத்தான் நான் முதலில் சந்தேகப்படுவேன். அதன் உள்ளே தேன்கூடு போன்ற பீங்கான் கட்டி இருக்கிறது. எஞ்சின் மிஸ்ஃபயர் ஆகி, அதாவது ஏதாவது ஒரு சிலிண்டர் சரியாக வெடிக்காமல், எரியாத பெட்ரோல் அங்கே போய் எரிந்தால் அந்தக் கட்டி உருகும், அல்லது உடையும். உடைந்த துண்டுகள் காற்றோடு பறந்து வந்து சைலன்சருக்குள் அடையும். அந்த நிலையில் சைலன்சரை மட்டும் மாற்றினால் மிச்சத் துண்டுகள் புதிதையும் வந்து அடைக்கும். மிஸ்ஃபயர், கன்வெர்ட்டர், சைலன்சர் என்ற வரிசையில்தான் சரிசெய்துகொண்டு வர வேண்டும்.

ஓட்டை சைலன்சர் வெறும் சத்தத் தொல்லை என்று தள்ளிப்போடாதீர்கள். புகையில் இருக்கும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. பிக்கப்பில் சைலன்சர் பல நேரம் கேபினுக்கு நேர் கீழேயோ சற்றுப் பின்னாலோ இருக்கும். பழைய வண்டியின் தரைத் தகட்டில் துருப்பிடித்த ஓட்டைகளும் இருந்தால் அந்த வாயு உள்ளே வர வேறு வழியே தேவையில்லை. பின்தொட்டிக்குக் கூடு போட்ட வண்டியில், கசிவு இருக்கும்வரை அங்கே ஆள் உட்காரவே கூடாது.

அது ஏன் செத்தது?

இதைத் தெரிந்துகொண்டால் எந்த உலோகத்தில் வாங்குவது என்ற கேள்விக்குப் பாதி பதில் கிடைத்துவிடும். ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறத்தாழ ஒரு லிட்டர் தண்ணீர் உண்டாகிறது. நம்ப முடியாமல் இருக்கும், ஆனால் பெட்ரோலில் உள்ள ஹைட்ரஜன் காற்றின் ஆக்சிஜனோடு சேர்ந்தால் வேறென்ன ஆகும்? வண்டி நீண்ட தூரம் ஓடினால் சைலன்சர் நன்றாகச் சூடேறி, அத்தனையும் ஆவியாக வெளியே போய்விடும். பத்து நிமிடம் ஓடி நின்றுவிடும் வண்டியில் சைலன்சர் சரியாகச் சூடாவதே இல்லை. ஆவி உள்ளேயே குளிர்ந்து, புகையின் அமிலத்தோடு கலந்து, அடியில் தேங்கும். அதனால்தான் சைலன்சர் உள்ளிருந்து வெளியே அழுகுகிறது; வெளியில் பெயின்ட் நன்றாக இருக்கும்போதே ஒருநாள் பொத்தென்று ஓட்டை விழும்.

பழையதைக் கழற்றும்போது துரு எங்கே என்று பாருங்கள். அடிப்பக்கம் உள்ளிருந்து தின்றிருந்தால் குறுகிய தூர ஓட்டம்தான் காரணம். மேலே, குழாய் இணைப்பை இறுக்கும் கிளாம்பின் இடுக்கில், வெளியிலிருந்து தின்றிருந்தால் சாலையின் உப்பும் சேறும், அல்லது கடற்காற்று.

நூலும் அட்டைப்பெட்டியும்

இனிதான் அசல் வேலை. வண்டி சமதரையில் நிற்கட்டும், குழாய் ஆறியிருக்கட்டும். ஜாக்கியால் தூக்குவதாக இருந்தால் ஸ்டாண்டு கொடுத்து, சக்கரத்துக்குக் கட்டை வைத்த பிறகுதான் அடியில் போக வேண்டும். ஜாக்கியை மட்டும் நம்பி யாரும் படுக்காதீர்கள். கண்ணாடியும் போட்டுக்கொள்ளுங்கள், துருச்செதில் சரியாகக் கண்ணில்தான் விழும்.

முதலில் குழாயின் பருமன். வெர்னியர் அளவுகோல் இருந்தால் நல்லது. இல்லாவிட்டால் ஒரு நூலைக் குழாயைச் சுற்றி ஒரே ஒரு சுற்றுச் சுற்றி, சேரும் இடத்தில் பேனாவால் குறித்து, நீட்டி அளந்து, 3.14-ஆல் வகுத்தால் வெளிவிட்டம் கிடைக்கும். சுற்றளவு 160 மி.மீ. வந்தால் 2 அங்குலக் குழாய். 180 வந்தால் இரண்டேகால். 200 வந்தால் இரண்டரை. 240 வந்தால் 3 அங்குலம். துரு பொருமியிருக்கும் இடத்தில் நூலைச் சுற்றாதீர்கள், இரண்டு மூன்று மி.மீ. கூட்டிக் காட்டும். அந்த இடத்தை உப்புத்தாளால் தேய்த்துவிட்டு, கொஞ்சம் தள்ளி இரண்டு இடத்தில் அளப்பது என் வழக்கம்.

புதிதாக வாங்குபவர்கள் அதிகம் சறுக்குவது அடுத்த விஷயத்தில். குழாயை வெளிவிட்டத்தால் சொல்வார்கள். சைலன்சரின் வாயைப் பெரும்பாலும் உள்விட்டத்தால் சொல்வார்கள், ஏனென்றால் குழாய் அதற்குள் நுழைய வேண்டும். இரண்டரை அங்குல வாய் என்றால் இரண்டரை அங்குல வெளிவிட்டமுள்ள குழாய் அதற்குள் இறுக்கமாகப் போகும். ஆனால் சில சைலன்சர்களில் வாயே குழாய்க்குள் நுழையும்படி இருக்கும். அவற்றுக்கு அளவு வெளிவிட்டத்தில். எது என்று கேட்காமல் வாங்கினால் இரண்டு வாயும் ஒன்றையொன்று முட்டிக்கொண்டு நிற்கும், நடுவில் இணைப்புத் துண்டு தேட வேண்டியிருக்கும். முன்வாய் அளவும் பின்வாய் அளவும் ஒன்றாகத்தான் இருக்கும் என்று நினைத்துவிடாதீர்கள். பல வண்டிகளில் டெயில் பைப் ஓர் அளவு சிறியது. இரண்டையும் அளந்துவிடுங்கள்.

பிறகு நீளம். இதிலும் இரண்டு உண்டு: வாய்களை விட்டுவிட்டு நடு உடலின், அதாவது வயிற்றின் நீளம், வாய் முனையிலிருந்து வாய் முனை வரை மொத்த நீளம். வண்டியில் இடம் இருக்கிறதா என்பதை வயிற்றின் நீளம் சொல்லும். குழாயை எங்கே வெட்டுவது என்பதை மொத்த நீளம் சொல்லும். அகலமும் தடிமனும் அளந்துகொள்ளுங்கள். உருளை, நீள்வட்டம் என்று உடல் இரண்டு வடிவில் பரவலாக வரும். தரைக்கும் சேஸிஸுக்கும் இடையே இடம் குறைவு என்றால் நீள்வட்டம்தான் வசதி.

அப்புறம் வாய்களின் இடம். என்னைக் கவிழ்த்தது இதுதான். வாய் நடுவில் இருக்கலாம், ஓரத்தில் இருக்கலாம். ஒன்று நடுவிலும் மற்றது ஓரத்திலும் உள்ள சைலன்சரைப் புரட்டிப் போட்டால் ஓர வாய் மட்டும் மறுபக்கம் போகும், தப்பித்தீர்கள். இரண்டு ஓரங்களிலும் வாய் உள்ளதில், ஒரே ஓரமா எதிரெதிர் ஓரமா என்று பார்க்க வேண்டும். எதிரெதிர் ஓரம் உள்ளதை எப்படிப் புரட்டினாலும் ஒரே ஓரம் ஆகாது. வண்டியின் பின்புறத்திலிருந்து முன்னோக்கிப் பார்ப்பதாக வைத்து, ஒரு தாளில் செவ்வகம் போட்டு, உள்ளே வருவது எங்கே, வெளியே போவது எங்கே என்று வரைந்துகொள்ளுங்கள். இடது வலது என்று வாயால் சொல்வதில் கடைக்காரருக்கும் உங்களுக்கும் திசை மாறிப்போகும். தாளைக் காட்டினால் மாறாது.

கடைசியாக, சுற்றி என்ன இருக்கிறது என்று பாருங்கள். ப்ரொப்பெல்லர் ஷாஃப்ட், பெட்ரோல் டேங்க், பிரேக் குழாய், வயரிங், அடியில் தொங்கும் ஸ்டெப்னி, பின் லீஃப் ஸ்பிரிங். காலி வண்டியில் இருக்கும் இடைவெளி, சுமை ஏற்றிய வண்டியில் இருக்காது. பின்தொட்டியில் பாரம் ஏறினால் சேஸிஸ் கீழே இறங்கும், ஆக்சில் அதை நோக்கி மேலே வரும். டெயில் பைப் ஆக்சிலுக்கு மேலே வளைந்து போகும் வண்டியில் அந்த இடைவெளிதான் முக்கியம். இன்னொன்று, சூட்டில் குழாயே நீளும். 3 மீட்டர் இரும்புக் குழாய் 300 டிகிரி சூடேறினால் ஏறக்குறைய 1 செ.மீ. நீளும். ரப்பர் ஹேங்கரில் தொங்கவிடுவது இதற்காகத்தான்; குழாயைச் சேஸிஸோடு இரும்புப் பட்டையால் இறுக்கிக் கட்டினால் ஏதாவது ஓர் இணைப்பு பிளந்துவிடும்.

அளவெல்லாம் எடுத்தபின் நான் செய்யும் ஒரு வேலையைப் பார்த்து நண்பர்கள் சிரிப்பதுண்டு. வாங்க நினைக்கும் சைலன்சரின் வயிற்று அளவுக்கு ஓர் அட்டைப்பெட்டியை வெட்டி ஒட்டி, வாய் வரும் இடத்தில் வட்டம் வரைந்து, அடியில் கொண்டுபோய்ப் பிடித்துப் பார்ப்பேன். கால் மணி நேர வேலை. தாளில் சரியாக இருந்த ஒன்று, பெட்டியாகப் பிடித்தால் ஸ்டெப்னியின் மேல் ஏறி உட்கார்ந்திருப்பதை இரண்டு முறை கண்டுபிடித்திருக்கிறேன்.

அந்த வண்டிக்கென்றே செய்ததா, பொதுவானதா?

வண்டிக்கென்றே செய்த சைலன்சரில் வாய், ஹேங்கர் கொக்கி, சில சமயம் குழாய்த் துண்டு வரை எல்லாம் அதனதன் இடத்தில் இருக்கும். வெட்டாமல், வெல்டிங் இல்லாமல் மாட்டலாம். புதியவர்களுக்கு இது கிடைத்தால் இதையே வாங்கச் சொல்வேன். ஆனால் பிக்கப்பில் மாடல் பெயரும் ஆண்டும் மட்டும் போதாது. அதே ஆண்டு, அதே பெயர் என்றாலும் ஒற்றைக் கேபின், இரட்டைக் கேபின், நீளத் தொட்டி, குட்டைத் தொட்டி, இரு சக்கர இழுவை, நான்கு சக்கர இழுவை என்று ஒவ்வொன்றுக்கும் முன், பின் சக்கரங்களுக்கு இடையிலான தூரமோ அடிப்பக்கமோ மாறும், அதோடு குழாயும் மாறும். சேஸிஸ் எண்ணையும் எஞ்சின் வகையையும் எழுதி எடுத்துப் போங்கள். 1981 முதல் அமெரிக்கச் சந்தை வண்டிகளில் சேஸிஸ் எண், எழுத்தும் இலக்கமும் சேர்ந்து 17 இடம் கொண்டது. அதற்கு முந்தையவற்றில் தயாரிப்பாளருக்குத் தகுந்தபடி மாறும்.

பட்டியல் என்ன சொன்னாலும், உங்களுக்கு முன் அந்த வண்டியை வைத்திருந்தவர் என்ன செய்தார் என்பது அதற்குத் தெரியாது. பழைய வண்டியில் யாரோ ஒருவர் எப்போதோ குழாயை வெட்டி ஒட்டியிருப்பார். கையால் போட்ட வெல்டிங் தழும்பு குழாயில் தெரிந்தால் பட்டியலை மூடி வைத்துவிட்டு, நூல் அளவை மட்டும் நம்புங்கள். அப்படிப்பட்ட வண்டிக்குப் பொதுவான சைலன்சர்தான் தோது. அளவு பார்த்து எடுத்து, வெட்டி, கிளாம்ப் போட்டோ வெல்டிங் வைத்தோ சேர்த்துக்கொள்ளலாம்.

உள்ளே என்ன இருக்கிறது

சைலன்சர் என்ற யோசனை காருக்கு ஏறக்குறைய சமவயதுதான். அமெரிக்காவில் ரீவ்ஸ் சகோதரர்கள் 1897-இல் எஞ்சினுக்கான மஃப்ளருக்குக் காப்புரிமை பெற்றார்கள். அன்றிலிருந்து இன்றுவரை சத்தத்தை அடக்க முக்கியமாக இரண்டு வழிகள்தான். ஒலி அலைகளை அறைகளுக்குள் மோதவிட்டு ஒன்றையொன்று கொல்லச் செய்வது ஒன்று. பஞ்சு போன்ற பொருளில் உறிஞ்சவிடுவது மற்றொன்று. சந்தையில் உள்ளவை இவற்றில் ஒன்று, அல்லது இரண்டின் கலவை.

கம்பெனியிலிருந்து வரும் வகையில் புகை முன்னும் பின்னுமாகத் திரும்பித் திரும்பிப் போகும். பல அறைகள், துளையிட்ட குழாய்கள். இதுதான் ரொம்ப அமைதி. டர்போ என்று பெயர் வைத்த வகை உண்டு. டர்போசார்ஜருக்கும் இதற்கும் இப்போது சம்பந்தம் இல்லை, உள்ளே குழாய் எஸ் வடிவில் வளைந்து போகும், ஓட்டம் கொஞ்சம் எளிது, சத்தம் கொஞ்சம் கூடுதல். அறைத் தடுப்பு மட்டும் உள்ள வகை கரகரவென்று கனமாக உறுமும். பஞ்சு இல்லாததால் உள்ளே கெட்டுப்போக ஒன்றும் இல்லை. நேர்க்குழாய் வகையில் துளையிட்ட ஒரே குழாய், சுற்றிலும் கண்ணாடி இழை. ஒரு வாயில் கண் வைத்தால் மறுவாயில் வெளிச்சம் தெரியும். காற்றோட்டம் நல்லது, சத்தமும் அதிகம், இழை எரிந்து பறக்கப் பறக்க வருடா வருடம் இன்னும் கத்தும்.

கடையில் எஞ்சினை உறுமவிட்டுக் காட்டும்போது எல்லாமே இனிமையாகத்தான் இருக்கும். பிரச்சினை நெடுஞ்சாலையில் ஒரே வேகத்தில் போகும்போதுதான். நான்கு ஸ்ட்ரோக் எஞ்சினில் ஒவ்வொரு சிலிண்டரும் இரண்டு சுற்றுக்கு ஒருமுறை வெடிக்கிறது. ஆக, நான்கு சிலிண்டர் எஞ்சின் நிமிடத்துக்கு 2,400 சுற்றில் ஓடினால் நொடிக்கு 80 வெடிப்பு. வி8 எஞ்சின் 1,800 சுற்றில் 120. காதில் ரீங்காரமாகவும் நெஞ்சில் அதிர்வாகவும் உணர்கிற தாழ்ந்த ஒலி இது. ஒற்றைக் கேபின் பிக்கப்பில் தலைக்குப் பின்னால் உடனே தகட்டுச் சுவரும் கண்ணாடியும். அந்தச் சின்னப் பெட்டிக்குள் இந்த ஒலி எதிரொலித்துப் பெருகும். முதல் பத்து நிமிடம் கம்பீரமாக இருக்கும். இரண்டாவது மணி நேரத்தில் தலைவலி. வேலைக்கும் தூரப் பயணத்துக்கும் வைத்திருக்கும் வண்டிக்குக் கம்பெனி வகை அல்லது டர்போ வகையோடு நிறுத்திக்கொள்வதே என் பரிந்துரை. உங்கள் ஊரின் ஒலி அளவு விதியையும், கன்வெர்ட்டரைக் கழற்றுவது பல நாடுகளில் சட்டவிரோதம் என்பதையும் மறக்க வேண்டாம்.

டீசல் வண்டியில் டர்போசார்ஜர் இருந்தால் அதன் விசிறியே வெடிப்புகளின் முனையை மழுக்கிவிடும். அதில் வேலை கொஞ்சம் சுலபம்.

பெரிய குழாய் போட்டால் இழுவை கூடுமா?

இந்தக் கேள்வியை எல்லோரும் கேட்கிறார்கள். புகை வெளியேறுவதைத் தடுக்கும் எதிர் அழுத்தம் இருந்தால்தான் எஞ்சினுக்கு இழுவை வரும் என்று ஒரு கட்சி, குழாய் எவ்வளவு பெரிதோ அவ்வளவு நல்லது என்று இன்னொரு கட்சி. இரண்டும் பாதி உண்மை. எதிர் அழுத்தத்தால் எஞ்சினுக்கு ஒரு நன்மையும் இல்லை. ஆனால் குழாய்க்குள் புகை வேகமாக ஓடினால் அந்த ஓட்டமே அடுத்த சிலிண்டரின் புகையையும் இழுத்துக்கொண்டு போகும். குழாயைத் தேவைக்கு மேல் பெரிதாக்கினால் ஓட்டம் மந்தமாகிறது, குறைந்த சுற்றில் இந்த உதவி குறைகிறது. பாரம் ஏற்றி மேடு ஏறும் பிக்கப்புக்கு இழுவை வேண்டியது அந்தக் குறைந்த சுற்றில்தான். எஞ்சினில் வேறெதுவும் மாற்றவில்லை என்றால் கம்பெனிக் குழாய் அளவிலேயே இருங்கள். முன்குழாய் இரண்டேகால் அங்குலமாக இருக்க, 3 அங்குல வாயுள்ள சைலன்சரை அடாப்டர் வைத்து மாட்டுவதில் சத்தம் மாறுமே தவிர இழுவை கூடாது.

உலோகம்

மலிவானது சாதாரண இரும்புத் தகடு, மேலே கறுப்புப் பெயின்ட். ஓரிரு வருடம் ஓட்டி விற்றுவிடப்போகும் வண்டிக்கு மட்டும். அடுத்தது அலுமினியம் பூசிய இரும்பு. நியாயமாக உழைக்கும், ஆனால் வெட்டிய விளிம்பிலும் வெல்டிங் வைத்த இடத்திலும் பூச்சு போய்விடுவதால் துரு அங்கிருந்துதான் தொடங்கும். அந்த இடங்களுக்கு உயர் வெப்பப் பெயின்ட் அடித்துவிடுங்கள். அதற்கு மேலே 409 என்ற ரக ஸ்டெயின்லெஸ் ஸ்டீல், ஏறத்தாழ 11 சதவீதம் குரோமியம். மேற்பரப்பு பழுப்பாகும், பயப்பட வேண்டாம், சீக்கிரம் ஓட்டை விழாது. உச்சியில் 304 ரகம், சுமார் 18 சதவீதம் குரோமியம், 8 சதவீதம் நிக்கல், பளபளப்பும் தங்கும்.

ஸ்டெயின்லெஸ் என்று மட்டும் எழுதியிருந்தால் காந்தத்தை வைத்துப் பாருங்கள். 409-இல் ஒட்டும், 304-இல் ஒட்டாது, அல்லது வளைத்த இடங்களில் லேசாக இழுக்கும். தினமும் நீண்ட தூரம் ஓடும் வண்டிக்கு அலுமினியம் பூசியதே போதும். பத்து நிமிட ஓட்டம்தான், அல்லது உப்பும் கடற்காற்றும் படும் என்றால் 409 வாங்குங்கள். மற்ற குழாயெல்லாம் சாதாரண இரும்பாக இருக்கும் பழைய வண்டியில் 304 சைலன்சர் கிழிந்த வேட்டிக்குப் பட்டுக்கரை.

கையில் எடுத்ததும் பார்க்க வேண்டியது

காதருகே வைத்துக் குலுக்குங்கள், சத்தம் வரக் கூடாது. மடிப்பு ஓரமும் வாயின் வெல்டிங்கும் இடைவெளி இல்லாமல் இருக்கிறதா, வாய் வட்டமாக இருக்கிறதா, நசுங்கவில்லையா என்று பாருங்கள். எது முன்வாய் என்பதற்கு அம்புக்குறியோ எழுத்தோ சிலவற்றில் இருக்கும். இருந்தால் அதற்கு மாறாக மாட்டாதீர்கள். நீர் வடியும் துளை எங்கே என்று தேடி, உங்கள் வண்டியில் மாட்டும்போது அது கீழே வருமா என்று தாளோடு ஒப்பிடுங்கள்.

கிளாம்பையும் அப்போதே வாங்கிவிடுங்கள். யு கிளாம்ப் மலிவு, எங்கும் கிடைக்கும், ஆனால் இறுக்கும்போது குழாயை நசுக்கிவிடும்; அடுத்த முறை கழற்றுவது பெரும்பாடு. அகலமான பட்டை கிளாம்ப் சுற்றிலும் சமமாகப் பிடிக்கும், கழற்றவும் வரும். ரப்பர் ஹேங்கர்களையும் கையோடு மாற்றுங்கள். வெடித்துப்போன பழைய ரப்பரில் புது சைலன்சரைத் தொங்கவிட்டால் கனம் முழுக்க இணைப்புகளின் மேல் விழும்.

மாட்டும்போது

முந்தின நாள் மாலையே எல்லா நட்டுகளிலும் துரு விடுவிக்கும் எண்ணெய் அடித்துவிடுங்கள். மறுநாள் வராத நட்டோடு மல்லுக்கட்ட வேண்டாம், கிளாம்பை ஆக்சா பிளேடால் அறுத்து எறியுங்கள், அது மாற்றப்போகிற பொருள்தான். குழாயை வெட்ட வேண்டியிருந்தால் எப்போதும் பழைய சைலன்சரின் பக்கமாகவே வெட்டுங்கள். நீளமாக இருப்பதைப் பிறகு குறைக்கலாம். ஹேங்கர் ரப்பர் வழுக்கி வரச் சோப்புத் தண்ணீர் போதும். எஞ்சின் ஆயில் தடவினால் ரப்பர் ஊறிப்போகும்.

புதிய சைலன்சரை முதலில் ஹேங்கரில் தொங்கவிட்டு, குழாயைத் தேய்த்துச் சுத்தம் செய்து, நாலைந்து செ.மீ. உள்ளே நுழையும்படி செருகுங்கள். எல்லா கிளாம்பையும் கையால் மட்டும் இறுக்கிவிட்டு, வெளியே வந்து நின்று பாருங்கள். சைலன்சர் சாய்ந்திருக்கிறதா, டெயில் பைப் எதையாவது உரசுகிறதா? எல்லாப் பக்கமும் குறைந்தது இரண்டு விரல் போகும் இடைவெளி இருக்கும்வரை திருப்பித் திருப்பிச் சரிசெய்துவிட்டு, முன்னாலிருந்து பின்னாக இறுக்கிக்கொண்டு வாருங்கள். வெப்பத் தடுப்புத் தகடு ஏதாவது கழற்றியிருந்தால் அதையும் மறக்காமல் மாட்டுங்கள். வெல்டிங் வைப்பதென்றால் தெரிந்தவரிடம் விடுங்கள். பேட்டரி வயரைக் கழற்றிவைக்க வேண்டும், பெட்ரோல் டேங்கும் குழாயும் பக்கத்தில் இருக்கின்றன என்பதை அவருக்கும் ஒருமுறை சொல்லிவையுங்கள்.

எஞ்சின் குளிர்ந்திருக்கும்போதே வண்டியின் கீழ் எட்டும் இணைப்புகளில் சோப்பு நுரை தடவிவிட்டு ஸ்டார்ட் செய்தால், குமிழி வருமிடம் கசியுமிடம். முதல் கால் மணி நேரம் சைலன்சர் மேலிருந்தே புகையும் நாற்றமும் வரும். தகட்டில் உள்ள எண்ணெய் எரிகிறது, திறந்த வெளியில் ஓடவிடுங்கள். நாலைந்து நாள் ஓட்டிய பிறகு, நன்றாக ஆறியிருக்கும்போது எல்லா கிளாம்பையும் இன்னொரு முறை இறுக்குங்கள். சூடேறி ஆறியதில் கட்டாயம் கொஞ்சம் தளர்ந்திருக்கும்.

சில நாள் காலையில் வண்டியை எடுத்ததும் சைலன்சருக்கு அடியில் தரையில் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் கிடப்பதைப் பார்ப்பீர்கள். ஓட்டை விழுந்துவிட்டதென்று பயந்து அந்தத் துளையில் ஸ்க்ரூவை முடுக்கி அடைத்தவரை எனக்குத் தெரியும். அடைக்காதீர்கள், சொட்டட்டும்.